இடக்கை மட்டும் வாசிக்கும் வயலின்

வயலினையோ சாரங்கியையோ எஸ்ராஜையோ பொருளாகக் கொண்ட ஓர் இசையியல் ஆய்வேட்டின் பின்னிணைப்பைப் பிரித்தால், இன்று முதலில் கண்ணைக் கவர்வது அச்சின் அழகு. கையால் கோடிழுத்து, மையால் ஸ்வரமெழுதி, நிழற்படியெடுத்து ஒட்டிய பக்கங்கள் மறைந்துவிட்டன. லில்லிபாண்ட், மியூஸ்ஸ்கோர் முதலிய மென்பொருள்களால் கோக்கப்பட்ட இசைப்பிரதிகள் அவற்றின் இடத்தைப் பிடித்துள்ளன. ஸ்வரங்கள் சீரான இடைவெளியில் நிற்கின்றன, தாளக்கோடுகள் பிசகுவதில்லை, கமகத்திற்கென அலைக்கோடுகளும் சாய்கோடுகளும் இடப்பட்டுள்ளன. பல ஏடுகளில் ஒன்று மட்டும் காணப்படுவதில்லை. அது வில். எந்த ஸ்வரத்தில் வில் திரும்பியது, ஒரே வில்லில் எத்தனை ஸ்வரங்கள் ஒலித்தன, எங்கே வில் நின்று மீண்டும் தொடங்கியது என்பவை குறிக்கப்படாமலே ஆவர்த்தனங்கள் ஓடி முடிகின்றன. தலைப்பிலுள்ள ‘வயலின்’ என்ற சொல்லை அழித்து ‘வீணை’ என்றோ ‘குரல்’ என்றோ எழுதினால், கீழேயுள்ள குறிப்பில் ஓர் எழுத்தைக்கூட மாற்ற வேண்டியிராது.

வயலினில் இடக்கை ஸ்வரத்தின் இடத்தைத் தீர்மானிக்கிறது. அந்த ஸ்வரம் ஒலிப்பதும், ஒலித்த பின் வளர்வதும் தேய்வதும் அறுபடுவதும் வலக்கையின் செயல். இந்தக் கருவியின் இசையை ஆராயும் ஏடு வலக்கையைப் பதிவு செய்யாமல் விடுவது சிறு விடுபாடு ஆகாது. அது ஆய்வுப்பொருளில் பாதியை விட்டுவிடுவது.

இதற்கான பழியை மென்பொருள்மீது போட இயலாது. லில்லிபாண்ட் பிறந்த கதையிலேயே வில் இருக்கிறது. நெதர்லாந்தின் ஐந்தோவன் நகர இளைஞர் இசைக்குழு ஒன்றில் வியோலா வாசித்த யான் நியூவன்ஹாய்சனும், கொம்பு வாசித்த ஹான்-வென் நீன்ஹாய்ஸும் 1990களின் நடுவில் ஒத்திகையின்போது பேசிக்கொண்டதிலிருந்து வளர்ந்த திட்டம் அது. 1996இல் லில்லிபாண்டாக உருவெடுத்தது. பழங்காலத் தகட்டு அச்சின் அழகைக் கணினியில் மீட்க வேண்டும் என்பது அவர்கள் நோக்கம். அதை விளக்க அவர்கள் எழுதிய கட்டுரை சான்றாக எடுத்துக்கொள்வதும் ஒரு வில் கருவியின் இசையையே: பாக்கின் செல்லோ தொகுப்பின் கைச்செதுக்குப் பதிப்பு ஒன்றையும் கணினிப் பதிப்பு ஒன்றையும் அருகருகே வைத்து ஒப்பிடுகிறது. அம்மென்பொருளில் இசை எழுத்தாக உள்ளிடப்படுகிறது. ஸ்வரப் பெயருக்குப் பின் ஒரு சொல்லைச் சேர்த்தால் கீழ்வில் குறி வரும். மற்றொரு சொல்லைச் சேர்த்தால் மேல்வில் குறி. ஓர் அடைப்புக்குறியைத் திறந்து மூடினால் அவற்றுக்கிடையிலுள்ள ஸ்வரங்களை ஒரே வில்லில் கட்டும் வளைகோடு வந்துவிடும். மியூஸ்ஸ்கோரிலோ சுட்டியால் இழுத்துவிட்டாலே போதும். யூனிகோட் எழுத்துத் தரத்திலும் இரு வில் குறிகளுக்கும் தனித்தனி இடம் உண்டு. வசதி இல்லாமையால் வில் விடுபட்டது என்று ஒருவரும் சொல்ல முடியாது.

அப்படியானால் காரணம் என்ன? அது மென்பொருளுக்கு நெடுங்காலம் முன்பே, 1904இல் எட்டயபுரத்தில் அச்சான ஒரு பெருநூலில் கண்ணெதிரே நிற்கிறது. சுப்பராம தீக்ஷிதரின் ‘சங்கீத ஸம்பிரதாய பிரதர்சினி’ கர்நாடக இசையின் அச்சு வரலாற்றில் ஈடற்றது. கம்பிதம், ஸ்புரிதம், நொக்கு, ரவை, கண்டிப்பு, வளி, ஏற்ற ஜாரு, இறக்க ஜாரு, ஒதுக்கல், ஒரிகை என்று கமகத்தை வகைப்படுத்தி, ஒவ்வொன்றுக்கும் ஒரு குறி அமைத்து, ஸ்வரத்தின் தலையிலோ பக்கத்திலோ அதை அச்சிட்ட நூல் அது. தெலுங்கு எழுத்தில் வந்த அந்நூலைப் பின்னாளில் சென்னை மியூசிக் அகாதெமி தமிழில் கொண்டுவந்தது. அக்குறிகளுக்கான விளக்கத்தைப் படிப்பவர் ஒன்றைக் கவனிப்பார்: விரல் எந்த மெட்டில் நிற்க வேண்டும், தந்தியை எவ்வளவு இழுக்க வேண்டும், எந்த மெட்டிலிருந்து எதற்கு வழுக்க வேண்டும் என்றே அவை பேசுகின்றன. விளக்கம் முழுவதும் வீணையின் இடக்கைக்குரியது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. வயலினைக் கர்நாடக இசைக்குள் கொண்டுவந்தவர்களில் முதன்மையாகச் சொல்லப்படும் பாலுஸ்வாமி தீக்ஷிதர், முத்துஸ்வாமி தீக்ஷிதரின் தம்பி. சென்னையில் ஐரோப்பியரிடம் வயலின் பயின்று, பின்னர் எட்டயபுர சமஸ்தான வித்வானாக விளங்கியவர் அவர். அவருடைய மகள் வயிற்றுப் பேரனும் சுவீகார புத்திரனுமே சுப்பராம தீக்ஷிதர். வில்லை இந்த இசைக்குள் அழைத்துவந்த குடும்பமே இந்த இசையின் ஆகச் செறிவான குறிமுறையையும் அச்சிட்டது. அக்குறிமுறையில் வில்லுக்கு ஒரு குறிகூட இல்லை. அதைக் குறையாகச் சொல்வது நியாயமன்று. கிருதிகளின் பாடத்தைக் காப்பதே அவர் எடுத்துக்கொண்ட பணி. அதை எந்தக் கருவியில் எப்படி வாசிப்பது என்பது அவர் வினாவாக இருக்கவில்லை. நூறாண்டுக்குப் பின் வயலின் வாசிப்பையே வினாவாகக் கொண்ட ஆய்வாளர், அந்தக் குறிமுறையை அப்படியே மென்பொருளில் ஏற்றிவிட்டுப் பணி முடிந்ததாகக் கருதுவதுதான் வியப்பு.

ஐரோப்பிய ஏடுகளில் வில் குறிகள் நிறைந்திருப்பதைக் கண்டு, அவை இசையமைப்பாளர்கள் இட்டவை என்று மாணவர் பலர் எண்ணுகின்றனர். இசையமைப்பாளர்கள் இட்ட வளைகோடுகள் உண்டுதான். ஆனால் வில்லின் திசையைப் பெரும்பாலும் எழுதிச் சேர்த்தவர்கள் ஆசிரியர்களும் பதிப்பாளர்களுமே. 1756இல் வெளியான லெயோபோல்ட் மோட்ஸார்ட்டின் வயலின் பாடநூல், தாளவட்டத்தின் முதல் ஸ்வரத்தைக் கீழ்வில்லில் தொடங்குவதை அடிப்படை விதியாக வைத்து, அதற்கான விலக்குகளை அடுக்கிக்கொண்டே போகிறது. 1843இல் பாக்கின் தனி வயலின் படைப்புகளை லைப்ஸிக் இசைக்கல்லூரி மாணவர்க்கெனப் பதிப்பித்த ஃபெர்டினாண்ட் டேவிட் அதனினும் மேலான ஒன்றைச் செய்தார். தாம் வாசிக்கும் வில்லையும் விரலையும் குறித்த பாடத்தை ஒரு வரியிலும், அதன் கீழே மூலக் கையெழுத்துப்படியின் பாடத்தைச் சிறிய எழுத்திலும் அச்சிட்டார். எது பாக்கினுடையது, எது டேவிட்டினுடையது என்பதைப் படிப்பவர் ஒரே பார்வையில் பிரித்தறியலாம். ‘கிருதியின் பாடம்’, ‘வித்வானின் வாசிப்பு’ என இரண்டையும் கலக்காமல் காட்ட வேண்டிய இந்திய ஆய்வேட்டுக்கு இதைவிடப் பொருத்தமான முன்மாதிரி தேடவேண்டியதில்லை.

கர்நாடக வயலின் பயிற்சியில் வில்லைப் பற்றிய அறிவு குறைவு என்பதும் இல்லை. முதல் பாடத்திலேயே அது தொடங்கிவிடுகிறது. ஸரளி வரிசையை முதற்காலத்தில் ஸ்வரத்துக்கு ஒரு வில், இரண்டாங்காலத்தில் வில்லுக்கு இரண்டு ஸ்வரம், மூன்றாங்காலத்தில் நான்கு என்று எண்ணிச் சொல்லித்தருவது பரவலான வழக்கம். வர்ணத்துக்கு வரும்போது, இந்த இடத்தில் வில்லை மாற்றாதே, இங்கே மிச்சம் வைத்துக்கொள் என்ற கட்டளைகள் வரிக்கு வரி விழும். கிருதிக்கு வந்தால் சாகித்தியத்தின் சொற்பிரிப்பை வில்லால் உணர்த்தும் நுட்பம். லால்குடி ஜெயராமனின் வாசிப்பையும் பறவூர் வழியில் வந்த எம். எஸ். கோபாலகிருஷ்ணனின் வாசிப்பையும் ஒரு நிமிடம் கேட்டால் போதும். இன்னார் என்று ரசிகர் சொல்லிவிடுவதில் வில்லுக்குப் பெரும்பங்கு உண்டு. வகுப்பறையில் நாள்தோறும் பேசப்படும் இந்த அறிவு ஏட்டுக்கு வரும் வழியில் எங்கோ கரைந்துவிடுகிறது. ‘பாணி’ என்ற சொல் ஆய்வேட்டில் நூறு இடத்தில் வரும். அதைத் தாங்கும் சான்று பின்னிணைப்பில் இராது.

வில்லைக் குறிக்க முனைந்த சில ஏடுகளிலும் ஒரு குழப்பம் நேர்கிறது. அது வளைகோட்டால் வருவது. வளைகோடு ஐரோப்பிய ஏட்டில் மூன்று பணிகளைச் செய்கிறது. வயலினுக்கு அது ‘ஒரே வில்’. பாடகருக்கு அது ‘ஓரசையின் நீட்சி’. பொதுவாக அது ‘ஒரே சொற்றொடராகக் கொள்க’ என்னும் குறிப்பு. இந்திய ஆய்வாளர் இவற்றோடு நான்காவதாக ஜாருவையும், சிலபோது ஐந்தாவதாக முழுக் கமகத்தையும் அதன் தலையில் ஏற்றிவிடுகிறார். ஐந்து பொருளுடைய ஒரு கோட்டிலிருந்து எதையும் திரும்பப் படித்தெடுக்க முடியாது.

மென்பொருளும் இங்கே தன் சொந்த அனுமானத்தை மெல்ல நுழைக்கிறது. லில்லிபாண்டில் ஸ்வரவரிசைக்குக் கீழே சாகித்தியத்தை இணைத்தால், வளைகோட்டுக்குள் அடங்கிய ஸ்வரங்கள் அனைத்துக்கும் ஓரசை மட்டுமே உரியது என்று அது தானாகவே முடிவுசெய்து, அடுத்த அசையை வளைகோடு முடிந்த பின்னரே வைக்கும். குரலிசைக்கு அது சரி. வயலின் ஏட்டில் வளைகோடு வில்லைக் குறிக்கும்போது அது தவறு. விளம்ப காலக் கிருதியொன்றின் பல்லவியில் ஒரே நெடில் அரை ஆவர்த்தனம் நீள்கிறது என்று கொள்ளலாம். வயலின் அதற்குள் மூன்று வில் மாற்றியிருக்கலாம். அந்த மூன்று வளைகோடுகளைச் சரியாக எழுதியவுடன், மென்பொருள் மூன்று அசைகளை எதிர்பார்த்து அடுத்தடுத்த எழுத்துகளை இழுத்துவந்து இட்டுவிடும். சாகித்தியம் இடம்பெயர்ந்திருப்பதைக் கண்ட மாணவர் என்ன செய்வார்? ஏட்டை ஒப்படைக்கும் நாள் நெருங்கியிருக்கும். மூன்று வளைகோடுகளையும் அழித்து ஒன்றாக்கிவிடுவார். எழுத்து தன் இடத்தில் அமர்ந்துவிடும், வில் போய்விடும். இயல்பமைப்பு ஒன்று ஆய்வுத்தரவைத் திருத்திவிட்ட செய்தி ஏட்டில் எங்கும் பதிவாவதில்லை.

இதற்குத் தீர்வு மென்பொருளுக்குள்ளேயே உண்டு. வளைகோட்டைப் பொருட்படுத்தாமல் அசைகளை வைக்கும்படி சாகித்திய வரிக்கு ஒரே ஒரு கட்டளை இட்டால் போதும். சொற்றொடரைக் காட்டும் வளைகோட்டுக்கு லில்லிபாண்ட் வேறு கட்டளை வைத்திருக்கிறது. அது சாகித்தியத்தைத் தொடுவதே இல்லை. ஜாருவுக்கு வழுக்குக்கோடு தனியாக இருக்கிறது. ஆகவே வளைகோட்டை வில்லுக்கு மட்டும் ஒதுக்கி, மற்றவற்றை மற்றக் குறிகளிடம் ஒப்படைத்து, அவ்வொதுக்கீட்டை ஏட்டின் முகப்பில் இரண்டு வரியில் சொல்லிவிடலாம். ஒரே வில்லுக்குள் திசை மாறாமல் அழுத்தி அழுத்தி எழுப்பும் ஸ்வரங்களுக்கு, வளைகோட்டின் உள்ளே புள்ளியோ சிறுகோடோ இடும் ஐரோப்பிய வழக்கம் அப்படியே பொருந்தும். வயலின் வித்வான்கள் இதை இடைவிடாது செய்கின்றனர். ஒலிப்பதிவை மட்டும் கேட்பவர் இதை வில் மாற்றம் என்று தவறாகக் கொள்ள இடமுண்டு. துவாரம் வேங்கடசுவாமி நாயுடு போன்றோரின் பழைய இசைத்தட்டுகளை எழுதுவோர்க்கு இது பெருஞ்சிக்கல். ஐயத்துக்குரிய இடத்தில் வளைகோட்டை விட்டுவிட்ட கோடாக இடலாம். அதற்கும் ஒரு கட்டளை இருக்கிறது. தெரிந்ததும் ஊகித்ததும் வெவ்வேறாகத் தோன்றும் ஏடு நேர்மையான ஏடு.

திசைக்குறிகள் வேறொரு சிக்கல். கீழ்வில், மேல்வில் என்ற பெயர்கள் தோளில் ஏந்திய ஐரோப்பிய வயலினுக்குரியவை. தரையில் அமர்ந்து, வயலினின் தலையை வலக்காலின்மேல் ஊன்றி வாசிக்கும்போதே அந்தக் ‘கீழ்’ பாதி பொருளிழந்துவிடுகிறது. சாரங்கியிலும் தில்ரூபாவிலும் எஸ்ராஜிலும் வில்லை உள்ளங்கை மேல்நோக்கப் பிடித்துக் கிடையாக இழுப்பார்கள். அங்கே கீழும் இல்லை, மேலும் இல்லை. இவ்வாறு பிடிக்கும் வழக்கம் ஐரோப்பாவிலும் இருந்தது. வியோலா த காம்பா அவ்வாறு வாசிக்கப்பட்டது. அதில் வலுவான வீச்சு தள்ளும் வீச்சு, அதாவது வயலினுக்கு நேர்மாறு. பிரெஞ்சு வியோல் ஏடுகள் அதனால்தான் ‘இழு’, ‘தள்ளு’ என்ற சொற்களின் முதலெழுத்துகளைக் குறிகளாகக் கொண்டன. சாரங்கி ஏட்டில் வயலினின் குறியை இட்டால் வாசகர் அதனோடு சேர்ந்துவரும் வலுவின் படிநிலையையும் அறியாமல் ஏற்றுக்கொள்வார். ‘இ’, ‘த’ என்று இரண்டு எழுத்துகளை ஸ்வரத்தின் மேல் வைப்பது எளிது, ஐயத்துக்கும் இடந்தராது. லில்லிபாண்ட் எந்த ஸ்வரத்தின்மீதும் எந்த எழுத்தையும் வைக்கும். தமிழெழுத்தைச் சிதைக்காமல் வைக்கும்.

தமிழெழுத்து என்றதும் வேறொரு தொல்லையும் நினைவுக்கு வரும். ஸ்வர எழுத்திலேயே ஏடு எழுதுவோர் இதை அறிந்திருப்பர். மேல் ஸ்தாயிக்கு எழுத்தின் தலையில் புள்ளி இடுவது வழக்கம். தமிழிலோ தலைப்புள்ளி மெய்யெழுத்தின் அடையாளம். தாளில் வித்வான்களுக்கு இதனால் தடுமாற்றம் ஏற்பட்டதில்லை. கணினியில் மேல் ஷட்ஜத்துக்கு விசைப்பலகையில் கைக்கு வரும் புள்ளியைத் தட்டினால், தாரஸ்தாயி ‘ஸ’ உள்ளே மெய்யெழுத்தாகப் பதிவாகும். அச்சில் வேறுபாடு தெரியாது. பின்னாளில் அந்த ஏட்டில் தாரஸ்தாயிப் பிரயோகங்களை எண்ண முயல்பவருக்குத்தான் தெரியும். ஸ்தாயிப் புள்ளிக்கு யூனிகோடில் வேறு குறியிலக்கம் உண்டு; அதைப் பயன்படுத்த வேண்டும்.

வில்லைக் குறிப்பதற்கு எதிராகச் சொல்லப்படும் வாதங்களில் ஒன்று மதிப்புக்குரியது. வில்வீச்சு கலைஞரின் அன்றைய மனோதர்மத்துக்கு உட்பட்டது. இன்று இழுத்த இடத்தில் நாளை தள்ளுவார். எழுதிவைத்தால் மாணவர் அதையே விதியாகப் பிடித்துக்கொள்வர் என்பது அந்த வாதம். சார்லஸ் சீகர் 1958இல் எழுதிய கட்டுரை இதற்குத் துணைசெய்யும். இப்படி வாசி என்று விதிக்கும் குறிப்பும், இப்படி வாசிக்கப்பட்டது என்று விவரிக்கும் குறிப்பும் வேறுவேறு என்று அவர் பிரித்துக்காட்டினார். ஆய்வேட்டின் பின்னிணைப்பு இரண்டாம் வகை. இன்ன கச்சேரியில் இன்ன ஆவர்த்தனத்தில் வில் இங்கே திரும்பியது என்பது ஒரு நிகழ்வின் பதிவே. எவருக்கும் அது ஆணையாகாது. மேலும், மனோதர்மத்துக்கு உட்பட்டவை எழுதப்படலாகாது என்றால் ஆலாபனையையும் கற்பனை ஸ்வரத்தையும் எழுதியிருக்கவே கூடாது. அவற்றை எழுதுகிறார்கள், வில்லுக்கு மட்டும் விலக்கு.

காணொளி இருக்கும்போது குறிப்பு எதற்கு என்பது மற்றொரு வாதம். இதற்கு நெடிய மறுமொழி தேவையில்லை. காணொளி சான்று; இரண்டு வித்வான்கள் ஒரே சரணத்தை எப்படிப் பிரித்தனர் என்று ஒப்பிட அச்சான்றை எவரேனும் எழுதியே ஆகவேண்டும். எழுதாதவரை ஒவ்வோர் ஆய்வாளரும் முதலிலிருந்து தொடங்குவார்.

இதனோடு சேர்ந்தது கோப்புகளின் கதி. ஆய்வேடுகள் பிடிஎஃப் வடிவில் சோத்கங்கா களஞ்சியத்தில் சேர்கின்றன, நல்லது. அதனுள் இருக்கும் இசைப்பிரதி கணினிக்கு வெறும் படம். அதைத் திருத்தவோ தேடவோ மேலே ஒரு வில் குறியைச் சேர்க்கவோ இயலாது. வேண்டுமானால் முழுவதையும் மீண்டும் உள்ளிட வேண்டும். மூலக்கோப்பு மாணவரின் மடிக்கணினியோடு போய்விடுகிறது. அது எந்த வடிவில் இருந்தது என்பதும் முக்கியம். 1988 முதல் உலகெங்கும் புழங்கிவந்த ஃபினாலே மென்பொருளின் வளர்ச்சியை நிறுத்துவதாக 2024 ஆகஸ்டில் அதன் நிறுவனம் அறிவித்தது. அதன் கோப்புகளை வைத்திருந்தோர், திறக்க முடிகிற காலத்திலேயே அவற்றைப் பொதுவடிவமான மியூசிக்எக்ஸ்எம்எல்லுக்கு மாற்றிக்கொள்ள நேர்ந்தது. லில்லிபாண்டின் கோப்பு சாதாரண எழுத்துக்கோப்பு. மென்பொருளே மறைந்தாலும் எழுத்தைப் படிக்கலாம். ஓர் உருப்படிக்குச் சில கிலோபைட்டுகளுக்கு மேல் ஆகாது. அதிலிருந்து மியூசிக்எக்ஸ்எம்எல்லுக்கு மாற்றும் வழி செம்மையாக இல்லை என்பது அதன் உண்மையான குறை. மியூஸ்ஸ்கோருக்கு அந்தக் குறை இல்லை. எதைத் தேர்ந்தாலும் மூலக்கோப்பை ஏட்டோடு சேர்த்து ஒப்படைக்கச் சொல்லும் ஒரு வரியைத் துறைகளின் விதிமுறையில் சேர்ப்பதற்குச் செலவு ஏதும் இல்லை.

லில்லிபாண்டின் கையேட்டில் அரபு இசைக்கும் துருக்கியின் மகாமுக்கும் தனிப்பகுதிகள் உள்ளன. அவற்றின் ஸ்வர இடைவெளிகளையும் குறிகளையும் வரையறுக்கும் கோப்புகள் மென்பொருளோடே வருகின்றன. அந்தந்த இசையை அறிந்தவர்கள் அமர்ந்து எழுதியதால் அவை வந்தன. கர்நாடக இசைக்கோ இந்துஸ்தானி இசைக்கோ அத்தகைய பகுதி அதில் இல்லை. ‘பிரதர்சினி’யின் கமகக் குறிகள், ஸ்தாயிப் புள்ளி, இழுக்கும் வில், தள்ளும் வில், ஐயத்துக்குரிய வில் ஆகியவற்றுக்கு ஒரு வரையறைக் கோப்பும் பத்துப் பக்க விளக்கமும் எழுதுவது ஒரு முதுகலை மாணவரின் ஓராண்டுப் பணிக்குள் அடங்கும். அதற்குக் கணினி அறிவு கொஞ்சம் வேண்டும். வில்லை எண்ணிச் சொல்லித்தரும் ஆசிரியர் ஒருவர் பக்கத்தில் அமர்ந்திருக்கவும் வேண்டும்.